சேர்த்து வைத்த லீவு

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் காது எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. போன ஞாயிறு போனில் நான் கத்திய கத்தலில், ராத்திரி வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அறைக்காரர்கள் மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். உனக்கு மட்டும் கேட்கவில்லை. இனி கடிதமே எழுதுகிறேன்.

வந்து இரண்டு மாதம் ஆகிறது. கிடங்கிலிருந்து கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வேலை. வண்டி கிடங்குக்காரனுடையது, சரக்கு கடைக்காரனுடையது, நான் ஏஜென்சிக்காரனுடையவன். மூன்று பேரில் யாரைக் கேட்டாலும் மற்ற இரண்டு பேரைக் கேட்கச் சொல்கிறார்கள். வண்டி ஓடினால்தான் கூலி. சரக்கு இறக்க வரிசையில் காத்திருப்பதைக் காத்திருப்பு என்று எழுதிக்கொள்கிறார்கள், காசு கிடையாது.

சம்பளச் சீட்டு வாரா வாரம் வருகிறது. வரவு ஒரு வரி, பிடித்தம் அரைப் பக்கம். அறை வாடகை, ஏஜென்சி பெயர் போட்ட சட்டை, ஷூ, வண்டியில் மாட்டியிருக்கும் போனுக்கு வாடகை, லைசென்சைச் சரிபார்த்த செலவு. சம்பளத்தை வங்கியில் போடுவதற்குக்கூட ஒரு கட்டணம் இருக்கிறது. எனக்குச் சம்பளம் தருகிற சிரமத்துக்கு நான் அவர்களுக்குக் கூலி கொடுக்கிறேன். கடைசி வரியில் விடுமுறைச் சம்பளம் என்று போட்டு வாரத்துக்கு அரை நாள் கூலியைக் கழிக்கிறார்கள். அது என் பணம்தானாம், லீவு போடும்போது திருப்பித் தருவார்களாம்.

ஆகஸ்டில் இங்கே சரக்கு குறைவு. வேண்டுமானால் இரண்டு வாரம் போய் வா என்கிறார்கள். உன் காது ஆபரேஷனை அப்போது வைத்துக்கொண்டால் நான் கூட இருப்பேன். சீக்கிரம் செய்வது நல்லது என்றுதானே டாக்டர் சொன்னார்? நீ சரி என்றால் டிக்கெட் போடுகிறேன்.

உன் தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

காதைத் தவிர மற்றதெல்லாம் நலம். இடது காது போனது போனதுதான். வலது காதிலும் சீழ் நிற்கவில்லை, உள்ளே எலும்பை அரிக்கிறது என்கிறார் டாக்டர். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி புருஷனைத் திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் சுவர் வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே கவலைப்படாதே.

உன் லீவு விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருஷமாக லீவு செக்ஷனில் உட்கார்ந்திருக்கும் அக்காவை வைத்துக்கொண்டு எவனோ ஏஜென்சிக்காரன் பேச்சைக் கேட்கலாமா? எங்கள் டெப்போவின் அத்தனை டிரைவர், கண்டக்டர் லீவுக் கணக்கும் என் கையில்தான் இருக்கிறது. பிழைக்கத் தெரியாதவன் லீவைச் சில்லறையாக உடைப்பான். மச்சினன் கல்யாணத்துக்கு நாலு நாள், தலைவலிக்கு ரெண்டு நாள் என்று எடுத்துவிட்டு, நிஜமாகத் தேவைப்படும்போது என் மேஜை முன்னால் வந்து நின்று தலையைச் சொறிவான். பிழைக்கத் தெரிந்தவன் தொடவே மாட்டான். அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். வேண்டுமென்றால் மொத்தமாக எடுக்கலாம், வேண்டாமென்றால் சரண்டர் செய்து காசாக வாங்கலாம். போன வருஷம் ரிட்டையர் ஆன ஒரு டிரைவர் லீவுக் காசிலேயே மகளுக்கு மாடி கட்டிக் கொடுத்தார்.

ஆகவே ஆகஸ்டைத் தொடாதே. காதில் கை வைத்தால் மூன்று வாரம் தலை சுற்றுமாம், கூட ஓர் ஆள் வேண்டுமாம். இரண்டு வாரத்தில் நீ கிளம்பிவிட்டால் மூன்றாவது வாரம் நான் சுவரோடு சுவராக நடக்கவா? ஏப்ரலில் உனக்கு ஒரு வருஷம் நிறைகிறது. லீவு முழுசாகக் கணக்கில் ஏறியிருக்கும். அப்போது வா. கொஞ்சம் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். முகத்தைச் சுளித்தார், பிறகு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு. சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதே, வரிசையாக அடுக்கி வை.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீ சொன்னது சரியாகத்தான் படுகிறது. ஆகஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏஜென்சியில் எங்களைக் கவனிக்கிற பெண்ணுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிரச்சினையில்லை’. எதைக் கேட்டாலும் அவள் சொல்வது அதைத்தான். லீவு சேருமா என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “உங்க லீவு உங்களுக்குத்தான், பிரச்சினையில்லை” என்றாள். நீ எழுதியதும் அதுதானே என்று வந்துவிட்டேன்.

எங்கள் அறையில் ஒருவரை வாத்தியார் என்று கூப்பிடுவோம். டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது என்னைப் போல வண்டி. அவர் மாதம் ஒரு நாள், இரண்டு நாள் என்று லீவு எடுத்துக் கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார். நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். உங்கள் அக்காவுக்கு அரசாங்க வேலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அதான்” என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார், நானும் கேட்கவில்லை.

ஒரு சந்தில் திரும்பும்போது வண்டியின் பக்கக் கண்ணாடி கம்பத்தில் இடித்து விரிசல் விட்டுவிட்டது. சேதத்தில் முதல் பங்கு டிரைவருடையதாம், ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். புதுக் கண்ணாடிக்கான காசு பிடித்தாகிவிட்டது. கண்ணாடியை மாற்றவில்லை. டேப் ஒட்டி அதையேதான் ஓட்டுகிறேன்.

மருந்தை மறக்காமல் போடு.

உன் தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஒன்றும் குறைவில்லை. உன் உடம்பு இளைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும், இல்லை என்று எழுதாதே.

பதில் தாமதம். ஆபீசில் இடம் மாற்றிவிட்டார்கள். இனி எனக்கு ரெக்கார்டு ரூம். லீவு செக்ஷனில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இரண்டு தடவை ஒருவருடைய லீவை இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டேன். சூப்பிரண்ட் நல்ல மனிதர், திட்டவில்லை. “கொஞ்ச நாள் நிம்மதியா உள்ள இருங்கம்மா” என்றார். நிம்மதியாகத்தான் இருக்கிறது. பழைய பைல்கள் கேள்வி கேட்பதில்லை.

வீட்டிலும் நிம்மதி. பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதமாகப் புருஷனைத் திட்டுவதில்லை, திருந்திவிட்டாள் போலிருக்கிறது.

கண்ணாடிக்குக் காசு வாங்கிக்கொண்டு கண்ணாடி போடாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? ரசீது கேள். உன் லீவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் எழுது. எனக்கு அதை நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

அக்கா


நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நானும் அப்படியே.

எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. வருஷக் கடைசி நெருக்கம். விடிவதற்கு முன் கிடங்கு, ஏற்றுவது, கடை, காத்திருப்பது, இறக்குவது, மறுபடி கிடங்கு. சாப்பாடு வண்டியிலேயே. முந்தாநாள் ஒரு கடை வாசலில் காத்திருந்தபோது, பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியைத் தட்டி வரிசை நகர்ந்துவிட்டது என்றான். நான் தூங்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்த மூன்று வண்டிகள் போனது தெரியவில்லை.

ஷூ தேய்ந்துவிட்டது. புதுசுக்கு மறுபடியும் பிடிப்பார்கள், அதனால் உள்ளே அட்டை வைத்து ஓட்டுகிறேன். லீவு ஏறிக்கொண்டுதான் இருக்கும், வாரா வாரம் கழிக்கிறார்களே. வாத்தியார் போன வாரம் மறுபடி இரண்டு நாள் எடுத்தார். நான் எடுக்கவில்லை.

ஏப்ரலை நினைத்துக்கொள்கிறேன். வேறு எதையும் நினைக்க வருவதில்லை.

உன் தம்பி


ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். உன் போன கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அட்டை வைத்த ஷூவோடு பிரேக் மிதிக்காதே. நான் பணம் அனுப்புகிறேன், வாங்கிக்கொள். ரோஷப்பட இது நேரமில்லை.

நல்ல சேதி ஒன்று. ஆபரேஷனுக்கு ஏப்ரல் 24 என்று நாள் குறித்தாகிவிட்டது. கட்டில் பதிவு செய்தாயிற்று. முன்பு போல இல்லை, இப்போது வலது காது கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. குக்கர் விசிலை எண்ணுவதில்லை, எதிரில் நின்று ஆவியைப் பார்த்து அணைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி திருந்தவில்லை என்பதும் தெரிந்துவிட்டது, நேற்று வாசலில் நின்று அவள் கை நீட்டித் திட்டியதைக் கண்ணால் பார்த்தேன். டாக்டர் இதற்கு மேல் தள்ள வேண்டாம் என்கிறார். இருக்கிற கேட்கும் சக்தியையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

ஆபரேஷனுக்கு உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கூட இருக்க வேண்டுமாம். நமக்கு இருப்பது நாம் இரண்டு பேர். நீ வந்து உட்கார்ந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டாம். மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது தெரிந்த முகம் ஒன்று எதிரில் இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 20-ஆம் தேதியிலிருந்து லீவு எழுதிக் கொடு.

அக்கா


மார்ச் 22
(மடித்துப் பெட்டியில் வைத்தது, அனுப்பாதது)

அக்கா,

இன்றைக்கு லீவு கேட்கப் போனேன். ஏப்ரல் 20-இலிருந்து மூன்று வாரம் வேண்டும் என்றேன். ‘பிரச்சினையில்லை’ திரையைப் பார்த்துவிட்டு, “ஏப்ரல்ல உங்க கணக்குல ஒண்ணும் இருக்காதே” என்றாள். ஒரு வருஷமாக ஒரு நாள்கூட எடுக்கவில்லையே என்றேன்.

“அதான். மார்ச்சோட வருஷம் முடியுது. எடுக்காத லீவு அதோட போயிடும்.”

மிச்சமிருக்கிற நாளிலாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மார்ச் நிரம்பிவிட்டதாம், விவரம் தெரிந்தவர்கள் ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். என் கூலியில் பிடித்த பணம் என்ன ஆகும் என்று கேட்டேன். அது லீவுச் சம்பளம், லீவு இல்லையென்றால் அதுவும் இல்லை என்றாள். அடுத்த வருஷத்துக்குச் சேராதா என்று கேட்டேன். சேராதாம். லீவைக் காசாக மாற்ற முடியாதா என்று கேட்டேன். அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய் ஏற்றினேன், இறக்கினேன்.

ஆகஸ்டில் வந்திருந்தால் இரண்டு வாரம் சம்பளத்தோடு வந்திருப்பேன். அப்போது உனக்குச் சுவர் வழியாக எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதினால் நீ இந்த ஒன்றையே நினைத்து நினைத்து...


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ அனுப்பிய பணம் வந்தது, ஷூ வாங்கிவிட்டேன்.

ஏப்ரலில் இங்கே ஆள் பற்றாக்குறை. லீவு கிடைப்பது சிரமம் என்கிறார்கள். ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார். முடியாதென்றால் எழுது.

மருந்து போடு.

உன் தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்தால், எதை எழுதாமல் விட்டாய் என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

ஆள் பற்றாக்குறை என்பதெல்லாம் அதிகாரிகள் சொல்லும் வழக்கமான சாக்கு. இருபது வருஷமாக நானே எத்தனை பேருக்கு அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாயால் கேட்டால் வாயாலேயே மறுப்பார்கள், எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். கீழே விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து மாற்றாமல் பார்த்து எழுதிக் கொடு.

“பொருள்: ஈட்டிய விடுப்பு கோருதல், தொடர்பாக. அம்மையீர், எனது உடன்பிறந்த சகோதரிக்குச் செவி அறுவை சிகிச்சை நடைபெறவுள்ளது. அவருக்கு என்னைத் தவிர வேறு துணை இல்லை. எனவே என் கணக்கில் இருப்பில் உள்ள ஈட்டிய விடுப்பிலிருந்து இருபத்தொரு நாட்கள் அனுமதித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விடுப்புக் கால முகவரி: சகோதரியின் இல்லம்.”

‘இருப்பில் உள்ள’ என்ற இடத்தில் அடிக்கோடு போடு. அந்த வார்த்தையைப் பார்த்தால் எந்த அதிகாரியாலும் தட்ட முடியாது. உன் லீவு உன் சொத்து, யாரும் சும்மா தரவில்லை. நகல் ஒன்று வைத்துக்கொள்.

டாக்டரிடம் கேட்டேன். தள்ள முடியாது என்று எழுதிக் காட்டினார்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுதியதை அப்படியே பார்த்து எழுதி, அடிக்கோடு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காகிதம் வாங்குவதில்லை, எல்லாம் போனில்தான் என்றாள் ‘பிரச்சினையில்லை’. இருந்தாலும் முழுவதும் படித்தாள். “அழகா எழுதியிருக்கீங்க” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சம்பளம் இல்லாமல் போகலாமா என்று கேட்டேன். போகலாமாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். அப்படியானால் முதல் மாதம் கொடுத்த பயிற்சிக்கான செலவை நான் கட்ட வேண்டும். அறை வாடகை, வண்டிப் போன் வாடகை எல்லாம் நான் இல்லாத நாளுக்கும் ஓடும். இரண்டு வாரத்துக்குள் திரும்புவதற்கும் டிக்கெட் வேண்டும், கையில் அதற்குப் பணம் இல்லை. உன்னிடம் கேட்டால் அது உன் ஆபரேஷன் பணம்.

நான் எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன். வாத்தியாரையும் போடச் சொன்னேன். என்னால் வர முடியாது அக்கா.

பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட இருக்கச் சொல்லேன். திட்டுகிறவர்களுக்கு மனசு நன்றாக இருக்கும்.

உன் தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீழ் நின்றுவிட்டது, எலும்பில் கெட்டுப் போனதையெல்லாம் எடுத்துவிட்டார்கள், உயிருக்கு இனிப் பயமில்லை. தலைச் சுற்றல் இப்போதுதான் விட்டது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. நீ கவலைப்பட்டிருப்பாய்.

பக்கத்து வீட்டுக்காரி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். துணைக்கு ஆள் இல்லையென்றால் ஏஜென்சியில் வாடகைக்குக் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன். சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. கையெழுத்துப் போடும் இடத்தில் உறவு என்று கேட்டிருந்ததற்குத் தங்கை என்று எழுதிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு உறவுதான் வேண்டும், உண்மை வேண்டாம். கண் திறந்தபோது அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் ஏஜென்சி பெயர் போட்டிருந்தது. அந்தச் சட்டைக்கும் அவள் கூலியில்தான் பிடிக்கிறார்கள், நான் கேட்டேன்.

பத்தாம் நாள் அவள் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டதற்கு, மாத்திரைக் கவரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். குழந்தைக்குக் காய்ச்சலாம். லீவு போட்டுவிட்டுப் போயேன் என்றேன், என் வாய் அப்படியே பழகிவிட்டது. அவள் எழுதியதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

“லீவெல்லாம் மார்ச்சோட போச்சுக்கா. எடுக்கலன்னா போயிடும். நம்ம கூலில பிடிச்சதும் சேர்ந்து போயிடும். எனக்கு முதல் வருஷம் தெரியல.”

எல்லா ஏஜென்சியிலும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

தம்பி, உனக்கு அது தெரிந்திருந்தது. ஆள் பற்றாக்குறை என்று நீ எழுதிய அன்றைக்கே தெரிந்திருந்தது. ஆகஸ்டில் வருகிறேன் என்றவனை வராதே என்று சொன்னவள் நான். என் ஆபீஸ் விதிதான் உலகத்துக்கெல்லாம் விதி என்று நினைத்தேன். போதாக்குறைக்கு விண்ணப்பம் வேறு எழுதி அனுப்பினேன், இருப்பில் உள்ள என்று அடிக்கோடு போடச் சொன்னேன். அதையும் நீ வாயைத் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நீ திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெண்ணை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவள் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகவே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுந்து நடக்கிறாய் என்பதைப் படித்து நிம்மதியானேன். நான் நலம்.

நீ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆகஸ்டில் நான் வராமல் போனதற்கு உன் கடிதம் காரணம் இல்லை. அந்த மாதம் டிக்கெட் விலை கூடுதல், எப்படியும் என்னால் வாங்கியிருக்க முடியாது. நீ எழுதாமல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ‘பிரச்சினையில்லை’ சொன்னதையும் நான்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. இதை இத்தோடு விட்டுவிடு.

உன் கடிதம் வந்த அன்றே போய், புது வருஷக் கணக்கில் ஏறியதிலிருந்து ஜூலையில் ஒரு வாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அனுமதி வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாகிவிட்டது, ஷூவுக்கு நீ அனுப்பியதில் மிச்சம் இருந்தது, இந்த இரண்டு மாதத்தில் கொஞ்சம் சேர்த்தேன், மீதியை வாத்தியார் கொடுத்தார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டதே, என்ன எழுதுவது என்று தெரியாமல் அக்கா என்று எழுதினேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு வாரத்துக்கு வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எதிலும் சந்தோஷம் வருவதில்லை, துக்கமும் வருவதில்லை. அனுமதி வந்தபோதுகூடச் சும்மா படித்துவிட்டு வண்டியை எடுத்தேன். நேரில் பார்த்தால் இவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று நினைக்காதே. உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

ஜூலை எட்டாம் தேதி காலையில் வந்து சேருவேன். சீழ் நின்றது என்று எழுதினாய், உயிருக்குப் பயமில்லை என்று எழுதினாய். கேட்கிறதா என்று எழுதவே இல்லையே.

உன் தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

டிக்கெட் விலை கூடுதல் என்று எழுதியிருந்தாய். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஒரு வாரம் போதும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், பேசவும் வேண்டாம், சும்மா தூங்கு. உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டேன். ஆபீசில் எட்டாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவை சில்லறை லீவு எடுக்கிறீர்கள் என்று சூப்பிரண்ட் எழுதிக் காட்டிச் சிரித்தார்.

வந்தால் கதவைத் தட்டாதே. மணியையும் அழுத்தாதே, வாசலில் நின்று கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. விடிந்ததும் கதவைத் திறந்து வைத்து, தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நேராக உள்ளே வா.

அக்கா